டிக்கெட் வேறு, கைடு வேறு: கொலோசியத்தில் ஒரு மணி நேரம்

ரோமில் காலை பத்து மணி என்றால், கோடைக்காலத்தில் நமக்கு மதியம் ஒன்றரை. அந்த நேரத்தில் அங்கிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிடும். "சார், கொலோசியம் மெட்ரோ வாசல்ல நிக்கிறோம். கழுத்துல கார்டு மாட்டின ஒருத்தர் வந்து, ஒரு மணி நேரத்துல உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டிடறேன், வரிசையே கிடையாதுங்கிறார். தலைக்கு அறுபது யூரோ. குடுத்துடலாமா?" கொலோசியம் என்பது ரோமானியர் கட்டிய, கிளாடியேட்டர் என்னும் வீரர்கள் மோதிக்கொண்ட பழைய அரங்கம்.

14 ஆண்டுகளாக டூர் மேனேஜராகத் தமிழ்க் குடும்பங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய் வருகிறேன். என் மூலம் போகாதவர்களும், உறவினர் வழியாக எண்ணை வாங்கி இப்படிக் கேட்பது உண்டு. கேட்டுவிட்டுக் கொடுப்பவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். கொடுத்துவிட்டுக் கேட்பவர்களுக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தவிப்பேன்.

ஒரு ஜூலை மாதம். ஐந்து பேர் கொண்ட குடும்பம். பெரியவருக்குச் சர்க்கரை நோய். வாசலில் நின்ற தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். "கைடு வருவார்" என்று வெயிலில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, கடைசியில் இருபது பேர் கூட்டத்தோடு சேர்த்து அனுப்பினார்கள். நுழைவாயிலில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். டிக்கெட்டில் இருந்தவை வேறு யாருடைய பெயர்களோ. உள்ளே விடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் தரகரைக் காணோம். பெரியவர் அப்படியே நடைபாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவர்கள் கொலோசியத்தைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினார்கள். அதன் பிறகுதான், யார் கேட்டாலும் முதலில் இந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன்: டிக்கெட் வேறு, கைடு வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

முதலில் டிக்கெட். 2023 அக்டோபர் முதல் கொலோசிய டிக்கெட்டில் பார்வையாளர் பெயர் இருக்க வேண்டும். வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். நாம் 'கே. சுப்பிரமணியன்' என்று பழக்கத்தில் போட்டுவிடுவோம். பாஸ்போர்ட்டில் அந்த 'கே' அப்பாவின் முழுப்பெயராக விரிந்து, குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள். அன்று பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கொலோசியம் தொல்லியல் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சாதாரண டிக்கெட்டின் விலை, நான் இதை எழுதும்போது, 18 யூரோ. பக்கத்திலேயே பழைய இடிபாடுகளாக இருக்கும் ரோமானிய மன்றத்துக்கும் பாலத்தீன் குன்றுக்கும் அதே டிக்கெட் செல்லும். 24 மணி நேரம் உபயோகிக்கலாம். 18 வயதுக்குக் கீழே இருந்தால் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் நேரம் குறித்த இலவச டிக்கெட் எடுத்தாக வேண்டும். பத்து வயதுப் பேரனுக்கு முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பிய தரகர்களையும் பார்த்திருக்கிறேன்.

இணையதளத்தில் டிக்கெட் கிடைக்கவே இல்லை என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். அதில் நியாயம் இருந்தது. மென்பொருள் வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதற்காகவும், அதைத் தடுக்காமல் விட்டதற்காகவும், 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் முன்னாள் டிக்கெட் விற்பனை நிறுவனத்துக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆகவே பயணத் தேதி முடிவானதும், விற்பனை திறக்கும் நாளைக் குறித்து வைத்து அன்றே எடுத்துவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம். கூட்டம் அலைமோதும். கைடுக்குக் காசு கொடுத்துப் பார்க்கிற நாள் அது இல்லை.

'வரிசை இல்லை' என்ற வாக்குறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கெட் வாங்கும் வரிசை வேண்டுமானால் மிச்சமாகும். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்ட முடியாது. பெரிய முதுகுப்பை, உருட்டும் பெட்டி, கண்ணாடிப் பாட்டில் எதையும் உள்ளே விடமாட்டார்கள்.

அடுத்தது கைடு. இத்தாலியில் ஒரு தொல்லிடத்தில் நின்று விளக்கிச் சொல்ல உரிமம் வேண்டும். எனக்கு அந்த உரிமம் கிடையாது. குழுவை அழைத்துப் போவதும் அறை, பேருந்து, சாப்பாடு பார்ப்பதும் என் வேலை. கொலோசியத்துக்குள் பேசுவது உரிமம் பெற்ற வழிகாட்டியின் வேலை. உரிமம் உள்ளவர் அட்டையைக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார், நீட்டிவிடுவார். கட்டணமும் பெரும்பாலும் குழுவுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். 'தலைக்கு இவ்வளவு' என்று ஒருவர் ஆரம்பித்தால், அதில் டிக்கெட் எவ்வளவு, கைடு கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். எத்தனை பேர் கூட வருவார்கள், ஒரு மணி நேரம் என்பது சந்திக்கும் இடத்திலிருந்தா, சோதனை முடிந்து உள்ளே போன பிறகா என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வாசலில் நிற்பவரை எடைபோட எனக்கு ஒரு சின்ன வழி உண்டு. "நீரோ மன்னன் இங்கே உட்கார்ந்துதான் வேடிக்கை பார்த்தான்" என்று ஆரம்பித்தால் நகர்ந்துவிடுவேன். நீரோ இறந்தது கி.பி. 68-ல். அவனுடைய பொன் மாளிகையின் ஏரி இருந்த பள்ளத்தில் பின்னால் வந்த மன்னர் வெஸ்பாசியன் இதைக் கட்டத் தொடங்கியது 72 வாக்கில். திறந்து வைத்தது அவர் மகன் டைட்டஸ், 80-ல். "சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறோம்" என்று கிளாடியேட்டர்கள் இங்கே சொன்னதாக அளக்கும் வசனமும் அப்படித்தான். அது நீரோவுக்கு முந்தைய மன்னர் கிளாடியஸ் காலத்தில் ஃபூசினோ ஏரியில் நடந்த கடற்போர் விளையாட்டைப் பற்றிய குறிப்பில் வருவது. அப்போது கொலோசியமே கிடையாது.

சரி, டிக்கெட்டும் கைடும் சரியாக அமைந்துவிட்டால் ஒரு மணி நேரம் போதுமா? போதும் என்பேன். குறிப்பாக, வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்து வரும் நம் குடும்பங்களுக்கு. மூன்று மணி நேரச் சுற்றில், இரண்டாவது மணியில் பெரியவர்கள் நிழல் தேடத் தொடங்குகிறார்கள், பிள்ளைகள் போனுக்குள் போய்விடுகிறார்கள்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். முழங்கால் வலி. கைடு அம்மாவிடம் முன்கூட்டியே எழுதியிருந்தேன்: நிலவறை வேண்டாம், படி அதிகம் வேண்டாம், அரசர்கள் பட்டியல் வேண்டாம், கட்டிய விதத்தைச் சொல்லுங்கள், இவர் புரிந்துகொள்வார்.

அந்த அம்மா அவரை உள்ளே அழைக்காமல், முதலில் வெளிச்சுவர் அருகே நிறுத்தினார். டிராவர்டைன் என்னும் சுண்ணாம்புக் கல் முழுக்க, கை நுழையும் அளவுக்குக் குழி குழியாக இருக்கும். பார்க்கிறவர்கள் குண்டு துளைத்தது என்றுதான் நினைப்பார்கள். கைடு வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி ஐயா ஒரு குழிக்கு நேரே விரலை நீட்டினார். கல்லோடு கல் சேரும் இணைப்பிலேயே குழி விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இரும்பை உருவியிருக்கானுங்கப்பா" என்றார். நான் அதைச் சொன்னதும் அந்த அம்மா கைதட்டிவிட்டார். அதுதான் உண்மை. சாந்து இல்லாமல் அடுக்கிய கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்திருந்தார்கள். மொத்தம் சுமார் 300 டன் இரும்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இடைக்காலத்தில் உலோகத்துக்காகக் கல்லைக் குடைந்து அதை எடுத்துப் போனார்கள்.

அங்கேயே பத்து நிமிடம் போயிற்று. ஒரு பக்கச் சுவர் உயரமாகவும் மறுபக்கம் தாழ்ந்தும் ஏன் இருக்கிறது என்று பேரன் கேட்டான். 1349-ல் வந்த நிலநடுக்கத்தில் தெற்கு வெளிச்சுவர் சரிந்தது. விழுந்த கல் ரோமின் அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் போனது. "அஸ்திவாரம் பிடிச்சுதா?" இது தாத்தா. அடியில் சுமார் 12 மீட்டர் ஆழத்துக்குச் சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த காங்கிரீட் வளையம் இருக்கிறது என்றார் கைடு. ஏரி இருந்த சதுப்பு நிலத்தில் அத்தனை ஆழம் போயிருக்கிறார்கள். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க சுண்ணாம்புல கடுக்காயும் வெல்லமும் போட்டு ஊற வைப்போம்னு சொல்லு அந்தம்மாகிட்ட" என்றார். சொன்னேன். அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் 'கடுக்காய்' என்ற சொல்லை இத்தாலிய எழுத்தில் குறித்துக்கொண்டார்.

வளைவுகளுக்கு மேலே ரோமன் எண்கள். 80 வளைவுகளில் 76-க்கு எண் இட்டிருந்தார்கள்; வடக்குப் பக்கம் 23 முதல் 54 வரை இன்றும் நிற்கின்றன. பார்க்க வருபவரின் சீட்டில் வாசல் எண் இருக்கும். உள்ளே நுழைந்தால் முன்வரிசை செனட்டர்களுக்கு, உச்சி வரிசைகள் பெண்களுக்கும் ஏழைகளுக்கும். நடுவில் மரப்பலகைத் தளம், அதன்மேல் மணல். 'அரினா' என்ற சொல்லே மணலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரத்தத்தை உறிஞ்சத்தான் மணல் என்று கைடு சொன்னபோது மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திறப்பு விழா 100 நாள் நடந்தது, 9,000 விலங்குகள் கொல்லப்பட்டன என்று பழைய ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். கட்டடத்தின் அழகில் மயங்கி இதைச் சொல்லாமல் விடும் கைடுகளை எனக்குப் பிடிப்பதில்லை. இது மனிதர்களைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்த இடம். பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுக்கு ஏற்ற அளவில் அது தெரியத்தான் வேண்டும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு உள்ளே மின்தூக்கி உண்டு. கேட்டால் விடுவார்கள். படிக்கட்டுகள் செங்குத்தானவை, அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் முதல் நுழைவு நேரத்தையே எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் கடித்துக்கொள்ள ஏதாவதும் பெரியவர்கள் பையிலேயே இருக்கட்டும், பேருந்தில் வேண்டாம். தண்ணீருக்குக் கவலையில்லை. ரோம் தெருக்களில் 'நசோனி' என்று மூக்கு போல வளைந்த இரும்புக் குழாய்கள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். குடிக்க நல்ல நீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளை வழியாகப் பீய்ச்சி வரும், குனியாமல் குடிக்கலாம்.

கிளாடியேட்டர் வேடம் போட்டவர்கள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துப் பணம் கேட்பார்கள், கயிறு கட்டுகிறேன் என்று மணிக்கட்டைப் பிடிப்பார்கள். நிற்காமல் நடந்துவிடுங்கள். பிள்ளைகளிடம் இன்னொன்றையும் விமானம் ஏறும் முன்பே சொல்லி வையுங்கள்: சுவரில் சாவியாலோ நாணயத்தாலோ ஒரு கோடு கூடப் போடக்கூடாது. 2014-ல் 'K' என்ற ஒரே எழுத்தைச் செதுக்கிய சுற்றுலாப் பயணிக்கு 20,000 யூரோ அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத் தண்டனையும் கிடைத்தன.

மேஸ்திரி ஐயாவின் ஒரு மணி நேரம் முடிந்ததும் நேராக ஓட்டலுக்குப் போய்ப் படுக்கச் சொன்னேன். ரோமானிய மன்றத்தை அதோடு சேர்த்து இழுக்கவில்லை. டிக்கெட்டுக்கு 24 மணி நேரம் இருந்தது. மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், கைடு இல்லாமல் குடும்பமாகப் போனார்கள். மன்றத்தின் ஊடே போகும் பழைய தெருவான புனித வழியின் ஓரத்தில் மாக்சென்டியஸ் மண்டபத்தின் பெரிய வளைவுகள் நிற்கும். அதன் அடியில்தான் டைட்டஸின் தம்பி, மன்னர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன என்று முந்தின நாள் கைடு சொல்லி அனுப்பியிருந்தார். முசிறியில் யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறதல்லவா, அந்தக் கப்பல்கள் ஏற்றிப்போன சரக்கு வந்து குவிந்த ஊர் இது.

ஐயாவின் மனைவி அங்கிருந்து எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். "தம்பி, நம்ம மிளகு இங்கதான் இருந்துச்சாம். இவரு அந்தச் சுவத்தையே தட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, வரமாட்டேங்கிறாரு. பஸ் எத்தன மணிக்கு?"