15 வாட் என்று எழுதியும் மடிக்கணினி ஏன் கேட்பதில்லை?

லினக்ஸ் ஓடும் இன்டெல் மடிக்கணினியில் பெரிய வீடியோவை என்கோடு செய்யப் போட்டால் முதல் அரை நிமிடம் பறக்கும், பிறகு வேகம் இறங்கிவிடும். உடனே விசிறியைச் சந்தேகிப்பார்கள். பல நேரம் காரணம் சூடே அல்ல, மின் வரம்பு.

பிராசசருக்கு இரண்டு மின் வரம்புகள் ('பவர் லிமிட்', சுருக்கமாகப் பிஎல்) உண்டு. பிஎல்1 நீண்ட நேரத்துக்கு, பிஎல்2 சிறிது நேரத்துக்கு. பிஎல்1 15 வாட், பிஎல்2 25 வாட், கால அளவு 28 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சில்லு தான் செலவழிக்கும் மின்திறனின் நகரும் சராசரியைக் கணக்கிட்டபடியே இருக்கும். அது 15 வாட்டைத் தொடும்வரை 25 வாட் இழுக்கலாம். ஆகவே 28 வினாடி கறாரான கெடு அல்ல: சும்மா இருந்த இயந்திரம் கூடுதல் நேரம் பறக்கும், ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தது சீக்கிரமே இறங்கிவிடும்.

இறங்குவதில் நட்டம் பயப்படுகிற அளவு இல்லை. மின்திறன் கடிகார வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். 4 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ், 0.9 வோல்ட்டுக்கு வந்தால் வேகம் 60 சதவீதம் மிஞ்சும்; சில்லில் வீணாகக் கசியும் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் மின்திறனோ மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த வரம்புகளை லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பவர்கேப் டிரைவர் 'சிஸ்' கோப்பகத்துக்குள் சாதாரணக் கோப்புகளாகக் காட்டுகிறது. ரூட் (நிர்வாகி) உரிமையோடு எழுதலாம். அலகு மைக்ரோவாட்: 15 வாட்டுக்கு 15000000. பூஜ்யங்களை இரண்டு முறை எண்ணிவிடுங்கள்.

எழுதியது பலித்ததா என்பதை அதே கோப்பைத் திரும்பப் படித்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில், செலவான ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகும் ஆற்றல் கணக்கி இருக்கிறது, அலகு மைக்ரோஜூல். சுமை ஓடும்போது 10 வினாடி இடைவெளியில் இருமுறை படியுங்கள். வித்தியாசம் 152000000 என்றால் 152 ஜூல், அதாவது 15.2 வாட். விடை எதிர்ம எண்ணாக வந்தால் கணக்கி நிரம்பிப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. இன்னொரு முறை எடுங்கள்.

பலிக்காததற்குக் காரணங்கள் சில. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ், வரம்பு பதிந்திருக்கும் ரிஜிஸ்டரை (சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடம்) பூட்டியிருந்தால் வெளியிலிருந்து மாற்ற முடியாது. இன்னொன்று அதிகம் ஏமாற்றும்: சில மாடல்களில் இதே வரம்பு இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்று எம்எஸ்ஆர் என்னும் பிராசசர் ரிஜிஸ்டரில், மற்றது எம்எம்ஐஓ என்னும் நினைவக முகவரி வழியாக எட்டும் ரிஜிஸ்டரில். சில்லு இரண்டில் சிறியதைத்தான் மதிக்கும். ஒன்றில் 25 என்று ஏற்றி, மற்றது 15-லேயே நின்றால் கிடைப்பது 15தான். பவர்கேப் கோப்பகத்தில் எம்எம்ஐஓ என்று முடியும் இன்னொரு பகுதி தெரிந்தால் அதிலும் எழுத வேண்டும்.

வெப்பம் தனிக் கதை. வெப்ப உணரிகளைக் கெர்னல் காட்டும் 'தெர்மல் சோன்' கோப்புகள் மில்லிடிகிரியில் பேசும், 45000 என்றால் 45 டிகிரி செல்சியஸ். சோன் எண்ணை நம்பாமல், அதன் 'டைப்' கோப்பைப் பார்த்து எந்த உணரி என்று உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு சோனிலும் 'டிரிப்' எல்லைகள் இருக்கலாம்: 'ஆக்டிவ்' விசிறியை முடுக்கும், 'பாசிவ்' வேகத்தைக் குறைக்கும், 'கிரிட்டிக்கல்' தொட்டால் கெர்னல் கணினியையே அணைத்துவிடும். கிரிட்டிக்கலை உயர்த்தப் பார்ப்பது வீண் விஷப்பரீட்சை.

வெப்பம் 45 டிகிரிதான், ஆனால் வேகம் சில நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்ட மறுக்கிறதா? 'புரோச்ஹாட்' என்னும் அபாய சமிக்ஞையைச் சில்லு மட்டுமல்ல, மதர்போர்டின் வேறு பாகமும் எழுப்பலாம். பழுதான உணரியோ, மதர்போர்டு அடையாளம் காணாத சார்ஜரோ போதும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். வேகம் திரும்பினால் பிராசசரை விட்டுவிட்டுச் சார்ஜர் பக்கம் தேடலாம்.

கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரின் பெயரும் குழப்பும். வேகத்தைக் கையாளும் இன்டெல் பிஸ்டேட் டிரைவரின் ஆக்டிவ் முறையில் 'பவர்சேவ்' என்பது அடிமட்ட வேகம் அல்ல, சுமைக்கேற்ப ஏறி இறங்குவது. சிக்கனமா வேகமா என்று சாய்ப்பது ஆற்றல் விருப்பக் கோப்பின் வேலை.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மால்டி போன்ற சேவை பின்னணியில் ஓடினால் நீங்கள் எழுதிய எண்ணை அது மாற்றி எழுதக்கூடும். சோதிக்கும்போது அதை நிறுத்திவையுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் எண் போய்விடும், தூங்கி எழுந்தாலும் போகலாம்; இரண்டு நேரத்திலும் எழுதும்படி ஒரு சிஸ்டம்டி யூனிட் (லினக்ஸ் தானே இயக்கும் சேவைக் கோப்பு) வைத்துவிடுங்கள்.