டிசைனுக்கு முன்னால் துணியைப் பாருங்கள்

பங்குனி பிறந்து ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழா தொடங்கிவிட்டால், துணியில் அச்சும் எம்பிராய்டரியும் போடும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, ஒரு டீ-சர்ட்டுக்கு எவ்வளவு ஆகும்?" கூடவே போனில் ஒரு படம் இருக்கும். சுடலைமாடன் முகம், ஊர்ப் பெயர், கீழே இளைஞர் அணி என்று எழுத்து. அந்தப் படத்தை மட்டும் பார்த்து விலை சொல்ல முடியாது. சொல்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். என்ன துணி, யார் போடப் போகிறார்கள், எத்தனை பேர், எப்படித் துவைப்பார்கள் என்பதைக் கேட்ட பிறகுதான் எந்த முறையில் அடிக்கலாம் என்றே முடிவு செய்ய முடியும். வீடு வீடாகப் பிரித்த வரிப் பணத்தில் எடுக்கும் துணி அடுத்த கொடைக்கும் உடுத்துகிற மாதிரி இருக்க வேண்டாமா?

முதலில் துணி. காட்டன் என்று சொல்லி வாங்கினது காட்டன்தானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஓரத்தில் ரெண்டு நூலை உருவி, ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டுக் கொளுத்துங்கள். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் சுருண்டு உருகும். ஆறியதும் கறுத்த, கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கபடி அணிக்கு சப்ளிமேஷன் கேட்கிறார்கள், நல்ல தேர்வுதான். காகிதத்தில் அச்சான மையைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தும்போது, அது ஆவியாகிப் பாலியஸ்டர் நூலுக்குள்ளேயே போய்விடுகிறது. மேலே படலம் எதுவும் கிடையாது. எதிரணிக்காரர் பனியனைப் பிடித்து இழுத்தாலும் உரிந்து வர ஒன்றுமில்லை. ஆனால் அதற்குத் துணி பாலியஸ்டராக இருக்க வேண்டும், வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்க வேண்டும். காட்டனில் அடித்தால் சில சலவையிலேயே வெளுத்துவிடும். கறுப்புத் துணியில் தெரியவே தெரியாது, ஏனென்றால் இந்த முறையில் வெள்ளை மை இல்லை.

மெரூன், சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை நம்பர் அடிக்கச் சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கையில் வாங்கும்போது நம்பர் வெள்ளை வெளேரென்று இருக்கும். ரெண்டொரு நாளில் ரோஸ் ஆகிவிடும். சூட்டில் துணியின் சாயமே கிளம்பி வெள்ளை மைக்குள் ஏறுவதால் வருவது இது. சாயம் ஏறாமல் தடுக்கும் மை இருக்கிறது. வெள்ளைக்கு அடியில் ஒரு தடுப்புப் பூச்சும் கொடுக்கலாம். "சாயம் ஏறாத மையா?" என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அல்வா கிண்டுகிற அடுப்படி, ஓட்டல் சமையல்கட்டு, வெல்டிங் பட்டறை ஆகிய இடங்களில் வேலை செய்பவர்களுக்கு, மலிவு என்பதற்காகப் பாலியஸ்டர் டீ-சர்ட் வாங்கிக் கொடுக்காதீர்கள். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குக் காட்டன்தான். அதிலும் பெரிய படம் வேண்டாம். தண்ணீர் மையில் சின்னதாகக் கடைப் பெயர் போதும். முதலாளிமார் தயவுசெய்து இதில் நாலு காசு மிச்சம் பார்க்க வேண்டாம்.

நூறு, இருநூறு பேருக்கு ஒன்று ரெண்டு கலரில் வேண்டுமென்றால் வலைச் சட்டம் (ஸ்கிரீன்) வழியே மையைத் தள்ளி அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டியிருப்பதால், எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும். இதில் போடும் பிளாஸ்டிக் வகை மையான பிளாஸ்டிசால், சுமார் 160 டிகிரி செல்சியஸில் முழுதாக வெந்தால்தான் நிற்கும். வாங்கும்போது அச்சின் மேல் ரெண்டு கட்டைவிரலையும் வைத்து லேசாக இழுங்கள். விரிசல் விட்டால் சரியாக வேகவில்லை என்று சந்தேகப்படலாம்.

பத்துப் பேருக்கு, பல கலரில், போட்டோ மாதிரி வேண்டுமென்றால் டி.டி.எஃப். சரி. பிலிமில் அச்சடித்து, பசைப் பொடி தூவி, துணியில் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவது. குறை என்னவென்றால், நெஞ்சு முழுக்க ஒரே பட்டையாக அடித்தால் அந்த இடத்தில் காற்றே போகாது. சித்திரை வெயிலில் மேளத்துக்கு நடுவே நிற்கிற பையனுக்கு அது பெரிய அவஸ்தை. பின்னணியை எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

எம்பிராய்டரியில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான டிசைன்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து வருகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்து அரை சென்டிமீட்டர் உயரத்திலும் ஓரளவு தெளிவாக வரும். அதே அளவில் தமிழை வைத்தால் 'ணை'யின் சுழிகள் நூலில் அடைந்து ஒரே திட்டாகிவிடும். அதைவிட மோசம் புள்ளி. எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் காணாமலே போய்விடும். பள்ளியின் பெயரே தப்பாகத் தெரியும். தமிழ் எழுத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரமாவது வைத்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து தள்ளிப் பஞ்சிங் (டிசைனை மெஷினுக்கான தையலாக மாற்றுவது) செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பாக்கெட்டில் இடம் இல்லையா, எழுத்தைக் குறையுங்கள். ஊர், பின்கோடு, தொடங்கிய வருஷம் எல்லாம் சட்டைப் பையில் வேண்டியதில்லை.

மெல்லிய பனியன் துணியில் அடர்த்தியான தையல் போட்டால் சுற்றிலும் சுருங்கிவிடும். எம்பிராய்டரிக்குக் காலர் டீ-சர்ட், சட்டை, கோட்டுத் துணிகள்தான் தோது. சின்னப் பிள்ளைகள் யூனிஃபார்ம் என்றால் உள்பக்கத்தைத் திருப்பித் தடவிப் பாருங்கள். முடிச்சும், தையலுக்கு அடியில் வைக்கிற பேக்கிங் (backing) பேப்பரும் சொரசொரவென்று இருந்தால் பிள்ளை நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும். மேலே மெல்லிய துணி ஒட்டித் தரச் சொல்லலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து டாக்டர் கோட்டுக்குப் பெயர் போட வருகிறவர்களுக்கு நான் பாலியஸ்டர் நூல்தான் சொல்வேன். ரேயான் நூலுக்குப் பளபளப்பு அதிகம், ஆனால் பிளீச்சிங் போட்டுத் துவைத்தால் வெளுத்துவிடும்.

எதுவானாலும் ஒரே ஒரு சாம்பிள் வாங்கி, வீட்டில் வழக்கமாகத் துவைக்கிற மாதிரியே நாலு தடவை துவைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சரி சொல்லுங்கள். கொடைக்குப் பந்தக்கால் நாட்டின பிறகு ஓடி வந்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. எட்டாயிரம் தையல் உள்ள ஒரு சின்னத்தை நிமிஷத்துக்கு 800 தையல் போடுகிற மெஷினில் அடித்தாலே ஒரு சட்டைக்குப் பத்து நிமிஷம். ஒரு நேரத்தில் ஒரு சட்டை மட்டும் தைக்கிற ஒரு தலை மெஷினில் அறுபது சட்டைக்குப் பத்து மணி நேரம், நூல் மாற்றுவதும் அறுந்தால் கோர்ப்பதும் தனி. கொடைக்கு ஒரு மாதம் முன்பாவது வாருங்கள்.