கருத்தடை மாத்திரை: நடுவில் இடைவெளி விட்டால் என்ன ஆகும்?

"நாலு வருஷமா மாத்திரை போடுறேன் டாக்டர், ஆறு மாசம் நிறுத்திட்டு அப்புறம் தொடரட்டுமா?" மகப்பேறு மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வருஷக்கணக்கில் ஒரு மருந்தைச் சாப்பிட்டால் அது உடம்பில் தங்கிவிடும், நடுநடுவே உடம்புக்கு ஓய்வு கொடுப்பது நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகவே இருக்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த மாத்திரையைப் பொறுத்தவரை சிக்கல் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் தொடங்குகிறது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 28 மாத்திரைகள். முதல் 21-இல் மட்டும்தான் ஹார்மோன் உண்டு: 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மி.கி. எத்தினைல் ஈஸ்ட்ரடயால் (இது ஈஸ்ட்ரோஜன் வகை). நிறம் மாறி இருக்கும் கடைசி 7, வெறும் இரும்புச்சத்து.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி மாதாமாதம் இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. ஒன்று சினைப்பையில் கருமுட்டைப் பையை வளர்க்கிறது. இன்னொன்று மாத நடுவில் திடீரென்று எகிறி, முட்டையை வெளியே வர வைக்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே ஹார்மோன் இருப்பதை மூளை உணர்ந்தால் இந்த இரண்டையும் குறைத்துவிடும். தினமும் விழுங்கும் மாத்திரை அந்த உணர்வைத்தான் தொடர்ந்து கொடுக்கிறது. முட்டை வெளியேறுவதில்லை. கூடவே கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளி கெட்டியாகி, விந்தணு உள்ளே போகும் வழியையும் அடைக்கிறது.

இந்த ஹார்மோன்கள் ரத்தத்தில் சில நாளுக்கு மேல் நிற்பதில்லை. பத்து வருஷம் சாப்பிட்டாலும் எதுவும் சேர்ந்து கிடக்காது. அதனால்தான் இரும்பு மாத்திரை வாரத்தில் ரத்தப்போக்கு வருகிறது. ஹார்மோன் நின்றதால் கர்ப்பப்பையின் உள்சுவர் உதிர்கிறது, அவ்வளவுதான். முட்டை உருவாகி வரும் வழக்கமான மாதவிலக்கு இல்லை அது.

அதே வாரத்தில் பிட்யூட்டரியும் மெல்ல விழித்துக்கொள்கிறது. ஏழாவது நாளுக்குள் சிலருக்குக் கருமுட்டைப் பை 10 மி.மீ. அளவுக்குக்கூட வளர்ந்திருக்கும். எட்டாம் நாள் புது அட்டை தொடங்கினால் அந்த வளர்ச்சி அடங்கிவிடும். தொடங்காமல் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனால் முட்டை வெளியேறிவிடலாம். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை விட்டுப்போனால் பதறுகிறவர்கள், புது அட்டை வாங்க இரண்டு நாள் தாமதமானதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் அந்த இரண்டு நாள்தான் அதிக ஆபத்தானது. தொடர்ந்து இரண்டு மாத்திரையோ அதற்கு மேலோ விட்டுப்போனால், நினைவு வந்ததும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அட்டையைத் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். அப்படி விட்டது மூன்றாவது வாரமாக இருந்தால் இரும்பு மாத்திரைகளைத் தவிர்த்துவிட்டு நேராக அடுத்த அட்டைக்குப் போய்விட வேண்டும்.

சரி, நீண்ட காலப் பயன்பாட்டுக்கு வருவோம். எல்லோரும் அதிகம் பயப்படுவது ரத்தம் உறைவதற்குத்தான். மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்காக அனுமதி பெற்ற முதல் மாத்திரையான எனோவிடில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்றைய மாலா-என்னில் 30, அதாவது மேலே சொன்ன 0.03 மி.கி. குறைத்ததற்கு முக்கியக் காரணமே இந்த உறைவுதான். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் வருஷத்துக்குச் சுமார் 2 பேருக்குக் கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை சாப்பிடுபவர்களில் 5 முதல் 7 பேர். அதற்குப் பதிலாக டெசோஜெஸ்ட்ரல் அல்லது ட்ரோஸ்பைரினோன் கலந்த மாத்திரைகளில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இது எல்லாவற்றையும்விட அதிகம்.

இந்த ஆபத்து வருஷம் ஏற ஏறக் கூடுவதில்லை. முதல் சில மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கிறது, பிறகு இறங்குகிறது. பிறவியிலேயே ரத்தம் எளிதில் உறையும் தன்மை உள்ளவர்கள் பலருக்கு அது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம். நாலு வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த ஆரம்ப கால ஆபத்து திரும்ப வருகிறது. உடம்புக்கு ஓய்வு என்று நினைத்து ஆறு மாதம் விடுபவர் இதைத்தான் மறுபடி சந்திக்கிறார், நடுவில் கர்ப்பமாகும் வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது.

வருஷக் கணக்கு முக்கியமாகிற இடமும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது, நிறுத்திய பிறகு குறைகிறது. அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் சாப்பிடும் காலத்தில் சற்றே கூடுகிறது. சினைப்பை, கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய்கள் குறைகின்றன. அந்தப் பாதுகாப்பு நிறுத்திப் பல வருஷம் ஆனாலும் நீடிக்கிறது. குழந்தைப்பேறு? எத்தனை வருஷம் சாப்பிட்டிருந்தாலும், நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலோர் கருத்தரிக்கிறார்கள்.

இனி மாற்றுவது பற்றி. புது மாத்திரையில் இடையிடையே திட்டுத்திட்டாக ரத்தம் படுவதும், குமட்டலும் முதல் மூன்று மாதத்தில் சகஜம். பலர் அதற்குள் மாற்றிவிடுகிறார்கள், புது மாத்திரையிலும் அதே கதை தொடர்கிறது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த பிறகு மாற்றுவதே சரி. ஒரு ஹார்மோன் மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, பழைய அட்டையின் கடைசி ஹார்மோன் மாத்திரைக்கு மறுநாளே புதியதைத் தொடங்குவது பாதுகாப்பானது. மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

பார்வையில் மின்னல் கோடுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், இவை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. ஆறு வாரத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் கூடாது. இவர்களில் பலருக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை பொருந்தலாம், மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. அதன் மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால் வாரம் ஒன்று போதும். ஆனால் போதிய அளவு சேர்வதற்காக முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு. மாறி வந்தவர்கள் இந்த மூன்று மாதத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. கோயில், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடப் போடும் நார்எதிஸ்டிரோன் மாத்திரையைக் கருத்தடையாக நம்புவதும் தவறு.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரலின் வேகத்தைக் கூட்டி, கருத்தடை ஹார்மோனைச் சீக்கிரமே அழித்துவிடும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின் மருந்துகளும் அப்படியே. காசநோய் சிகிச்சை முடிந்தும் நாலு வாரத்துக்கு அந்த வேகம் குறையாது. அதுவரை ஆணுறையோ காப்பர்-டியோ வேண்டும், காசநோய் மருத்துவரிடம் கருத்தடை மாத்திரை பற்றி முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.