பக்கத்து வீட்டு ரவுட்டரோடு ஒத்துப்போனால் உங்கள் வைஃபை வேகமாகும்

"வைஃபை ரொம்ப மெதுவா இருக்கு, பெரிய பிளானுக்கு மாறிடலாமா?" என்று கேட்டுத்தான் பலரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய், லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டுச் சோதித்தால் வேகம் முழுதாக வரும். சிக்கல் வீட்டுக்குள் காற்றில்தான் இருக்கும்.

அண்மையில் போன ஓர் அடுக்குமாடி வீட்டில், ஹாலில் நின்றபடியே இருபதுக்கும் மேற்பட்ட வைஃபை பெயர்கள் தெரிந்தன. வைஃபை பேசும் அலைவரிசை, சேனல் எனப்படும் எண் போட்ட பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் யாரும் பயன்படுத்தாத 3ஆம் சேனலைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் அதுதான் வினையானது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ரவுட்டரோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க, வழக்கமாக எடுத்துக்கொள்பவை 1, 6, 11.

வைஃபை கருவிகள் பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும். அதே சேனலில் இன்னொரு கருவி பேசிக்கொண்டிருந்தால், எவ்வளவு நேரம் பேசும் என்பதையும் தெரிந்துகொண்டு காத்திருக்கும். 3இல் இருப்பதற்கு 1இல் நடக்கும் பேச்சு வெறும் இரைச்சல். விட்டுக்கொடுக்கத் தெரியாமல் பல நேரம் இரண்டும் சேர்ந்து பேசும், தகவல் சிதையும், திரும்ப அனுப்ப வேண்டிவரும். பாதி மோதும் சேனலைவிட, பக்கத்து வீட்டின் அதே சேனலில் முறைவைத்துப் பேசுவது பெரும்பாலும் மேல்.

அக்கம்பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களிடம் பேசி, ஆளுக்கு ஒரு சேனல் பிரித்துக்கொண்டோம். ரவுட்டர் எடுத்துக்கொண்டிருந்த 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 20 ஆக்கி, ரவுட்டரின் சக்தியையும் ஒரு படி குறைத்தோம். "குறைச்சா எப்படிங்க வேகம் கூடும்?" என்று கேட்டார்கள். சத்தம் குறைந்தால் எல்லோருக்கும் பேச இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அன்று மாலை வீடியோ கால் தடங்கலின்றி ஓடியது.

அப்புறம், வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். கடைசி அறையில் 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) வேகத்தில் திணறும் பழைய போன், அதே தகவலை அனுப்ப, 54 எம்பிபிஎஸ் கருவியைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். டிவி போல நகராத கருவிகளைக் கேபிளில் போட்டுவிடுங்கள். மெஷ் (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் கூடுதல் ரவுட்டர்) வாங்கினால், அதைச் சிக்னலே இல்லாத அறையில் வைக்காதீர்கள். பாதி வழியில், முதல் ரவுட்டரின் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே கேபிள் இழுக்க முடிந்தால் இன்னும் நல்லது.