கையெழுத்து மட்டும்தானுங்க என்னோடது

போன வாரம் வந்தவர் விசைத்தறிக்காரர். சொந்தமாக நாலு தறி ஓட்டுகிறார். பாவு நூல் வாங்க ஒருவரிடம் ஒன்றரை லட்சம் கடன் வாங்கியிருக்கிறார். கடன் கொடுத்தவர் இரண்டு செக்கில் கையெழுத்து மட்டும் போடச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அசலும் வட்டியும் ரொக்கமாகவே அடைத்தாயிற்று. செக்கைத் திருப்பிக் கேட்டபோது, "எங்கயோ வெச்சிருக்கேன், தேடித் தர்றேன்" என்று பதில் வந்திருக்கிறது. இவரும் விட்டுவிட்டார். இப்போது அதில் ஒரு செக் எட்டு லட்சத்துக்கு நிரப்பப்பட்டு, வங்கிக்குப் போய் பணமில்லை என்று திரும்பி, நோட்டீஸும் அனுப்பப்பட்டு, வழக்கும் தாக்கலாகிவிட்டது. சம்மன் வாங்கி ஐந்து வாரம் கழித்து வக்கீலான என்னிடம் வருகிறார். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "கையெழுத்து மட்டும்தானுங்க என்னோடது. மத்ததெல்லாம் அவங்க எழுதுனது. கேஸ் நிக்காதுங்களே?"

இதே வாசகத்தோடு இந்த வருடம் என் அலுவலகப் படியேறியவர்களில் இவர் ஏழாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

கேஸ் நிற்கும். கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்ட அந்த நொடியே, செக், புரோநோட்டு போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 118, 139 ஆகிய இரண்டு பிரிவுகளும் உங்களுக்கு எதிரே வந்து நின்றுவிடுகின்றன. அந்தச் செக் ஒரு கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். சாதாரணக் குற்ற வழக்கில் எல்லாவற்றையும் வழக்குத் தொடுத்தவர் நிரூபிக்க வேண்டும். இங்கே கடன் இல்லை என்று காட்டுகிற பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. 2010ல் ரங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

"நான் தொகையே எழுதவில்லையே" என்று கேட்பீர்கள். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே சட்டம் பார்க்கிறது. 2019ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கை வேறு யார் நிரப்பியிருந்தாலும் அந்த அனுமானம் மாறாது. அப்புறம், "எழுத்து என்னுடையது இல்லை, கையெழுத்து நிபுணருக்கு அனுப்புங்கள்" என்று மனுப் போடச் சொல்வார்கள். 2022ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. விவரங்களை எழுதியது யார் என்பதே பொருட்டில்லை என்றானபின் நிபுணர் வந்து என்ன சொல்லப் போகிறார்? அந்த மனுவால் இரண்டு வாய்தா தள்ளிப்போகும். வேறு பயன் இல்லை. தெரிந்தே அந்த மனுவைப் போட்டுத் தரும் வக்கீல்களும் இருக்கிறார்கள். என் சக தொழிலாளர்கள்தான், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

"செக்யூரிட்டிக்காகக் கொடுத்த செக்குக்கு கேஸ் கிடையாதாமே?" என்பது அடுத்த கேள்வி. எந்த வீடியோவில் பார்த்தார்களோ தெரியவில்லை. 'செக்யூரிட்டி' என்ற பெயருக்கு எந்த மந்திர சக்தியும் இல்லை. வங்கியில் செக்கைப் போட்ட அன்றைக்குக் கடன் பாக்கி இருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தது என்றால், ஈடாகக் கொடுத்த செக்கும், செக் திரும்புவதைக் குற்றமாக்குகிற அதே சட்டத்தின் 138ஆம் பிரிவில் வரும். கடன் அடைந்துவிட்டது என்றால் வராது. பாதி அடைந்திருக்கும்போது அதைச் செக்கில் குறிக்காமல் முழுத்தொகைக்கும் போட்டால் அதுவும் குற்றமாகாது என்று 2022ல் ஒரு குஜராத் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆக என் கட்சிக்காரருக்கு வழி இல்லாமல் இல்லை. ஆனால் அடைத்ததைக் காட்ட வேண்டுமே! ரொக்கமாகக் கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி?

சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதுதான் நடந்திருக்கும் என்று நீதிபதிக்குப் படும் அளவுக்கு ஏதாவது காட்டினால் போதும். எட்டு லட்சம் கொடுக்கும் வசதி அந்த ஆளுக்கு இருந்ததா என்று கேள்வி எழுப்பலாம். 2019ல் பசலிங்கப்பா வழக்கில் அப்படிக் கேட்டுத்தான் கர்நாடகக்காரர் ஒருவர் விடுதலை ஆனார். இந்தக் கேள்வியை முதலில் எழுப்ப வேண்டிய இடம் நோட்டீஸுக்குக் கொடுக்கும் பதில். பதிலில் கேட்காவிட்டால், தன் வசதியை எதிராளி முதலிலேயே நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம்தான். ஆனால் ஒன்றரை வருடம் வாய்மூடி இருந்துவிட்டு அங்கே கேட்பதற்கு அந்த எடை வராது.

சரி, நோட்டீஸுக்கு இவர் என்ன செய்தார்? தபால்காரரிடம், "ஆள் இல்லைன்னு எழுதி அனுப்பிடுங்க" என்றிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை அவர் முகத்துக்கு நேராகவே காட்டிவிட்டேன். நோட்டீஸை வாங்காவிட்டால் வழக்கு வராது என்று யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? சரியான முகவரிக்கு அனுப்பிய தபால் திரும்பி வந்தாலும் சேர்ந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2007ல் அலவி ஹாஜி என்ற கேரள வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து முடிவு செய்த விஷயம் இது. உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவர்களுக்கும் அதே தீர்ப்பில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, கட்டியாயிற்று என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். ஐந்து வாரம் கழித்து வருகிறவருக்கு அந்த வாசலும் இல்லை.

தண்டனை என்ன என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும்: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். எட்டு லட்சம் செக்குக்குப் பதினாறு லட்சம் வரை போகலாம். குற்றத்தை மறுத்து வழக்கை நடத்தினால், விசாரணை நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லலாம். ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம்தான். போலீஸ் தானாக வந்து பிடித்துப் போகாது. ஆனால் வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் வாரண்டோடு வருவார்கள். அப்போது தெருவே பார்க்கும்.

பணம் வர வேண்டியவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சுருக்கமாக. செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அதில் கேட்கிற தொகை செக்கில் உள்ள தொகைதான். வட்டியையும் மன உளைச்சலையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாது. அது சேர்ந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. "பெரிய மனுஷர், தர்றேன்னு சொல்றார்" என்று காத்திருந்து, நாலு மாதம் கழித்து, செக் திரும்பியதற்கு வங்கி தந்த ரிட்டர்ன் மெமோவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையவும் வேண்டாம். இது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நேரடியாகப் போடும் தனிப்புகார். உங்கள் கணக்கு இருக்கிற வங்கிக் கிளை எந்தக் கோர்ட்டின் எல்லையில் வருகிறதோ, அங்கே போட வேண்டும்.

செக் கொடுக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். வெற்றுச் செக் தராதீர்கள். தந்தே ஆக வேண்டும் என்றால் பெயரையும் தொகையையும் நீங்களே எழுதுங்கள். செக் எண்ணைக் குறித்து, எந்தக் கடனுக்கு ஈடு என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அசலோ வட்டியோ, வங்கி வழியாகவே கட்டுங்கள். கடன் தீரும் நாளில் செக் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். தொலைந்துவிட்டது என்று சொன்னால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஸ்டாப் பேமெண்ட்' போட்டுவிட்டேன், கணக்கையே மூடிவிட்டேன் என்பதெல்லாம் உங்களைக் காப்பாற்றாது. இரண்டுமே 138ல் வரும் என்று 1990களிலேயே தீர்ப்பாகிவிட்டது. கந்துவட்டிக் கொடுமை என்றால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டும்போதே புகார் கொடுங்கள். சம்மன் வந்த பிறகு கொடுக்கும் புகாரை யாரும் எளிதில் நம்புவதில்லை.

வீட்டுப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். கணவரோ தம்பியோ வாங்கிய கடனுக்கு உங்கள் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. 'கடன் வாங்கியது நான் இல்லையே' என்பது எதிர்வாதம் ஆகாது. அடுத்தவர் கடனுக்காகக் கொடுத்த செக்குக்கும் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. கைக்குழந்தையோடு கோர்ட் வராந்தாவில் நிற்கிற பெண்களைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

தறிக்காரர் எழுந்து போகும்போது அவர் மனைவி பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று வருடமாகக் கொடுத்த ஒவ்வொரு தொகையும் தேதியோடு இருந்தது. பாதிக்கு மேற்பட்ட வரிகளுக்கு எதிரே பணம் வாங்கியவரின் சுருக்கொப்பமும் இருந்தது. "இதெல்லாம் கோர்ட்டுல செல்லுமுங்களா?" என்று தயங்கிக் கேட்டார். செல்லும் அம்மா, இந்த வழக்கில் நம்மிடம் இருப்பதே இது ஒன்றுதான். நோட்டீஸ் வந்த அன்றைக்கே இதைக் கொண்டுவந்திருந்தால், இதில் இருக்கிற ஒவ்வொரு தேதியையும் போட்டுப் பதில் அனுப்பியிருப்பேன். இப்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இந்த நோட்டு போன மாதம் எழுதியது என்று சொல்லப் போகிறார். அடுத்த வாய்தா வருகிற 14ஆம் தேதி.