யாரோடு சேர்ந்து வாழ்வது என்பது நம் முடிவு: 19ஆம் பிரிவு சொல்வது என்ன?

பார்வையற்ற ஒருவர், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், காது கேளாத ஒருவர். மூவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்த கடிதத்தை ஒருவர் படித்துச் சொல்கிறார். மேல்தட்டில் இருப்பதை இன்னொருவர் எடுத்துத் தருகிறார். கதவு தட்டும் சத்தம் கேட்டவர், கேளாதவரின் தோளைத் தொட்டுச் சொல்கிறார். "இவர்களை எப்படித் தனியாக விடுவது?" என்று வீட்டாரும் அதிகாரிகளும் கேட்பதுண்டு.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை இந்தக் கேள்வியையே மாற்றிப் போடுகிறது. 2006இல் ஏற்கப்பட்டு, 2008 மே 3 முதல் நடைமுறையில் இருக்கும் உடன்படிக்கை இது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே மாற்றுத்திறனாளியும் தேர்ந்தெடுக்கலாம், குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அதன் 19ஆம் பிரிவு. வீட்டுக்கே வரும் உதவி, தனிநபர் உதவியாளர், எல்லோருக்குமான பொதுச் சேவைகள் ஆகியவையும் அதில் அடக்கம். தன் முடிவைத் தானே எடுக்கும் சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிக்கும் சமமாக உண்டு என்பது 12ஆம் பிரிவு. அதனால் அறிவுசார் குறைபாடு உள்ளவரும் இப்படி ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

சிலர் சேர்ந்து இருந்தாலே அது காப்பகமாகிவிடாது. அதேபோல, சின்ன வீடு என்பதாலேயே அது சுதந்திரமான வாழ்க்கை ஆகிவிடாது. ஐந்து முதல் எட்டுப் பேர் இருக்கும் குழு இல்லமும் காப்பகமாக இருக்கலாம் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, 19ஆம் பிரிவை விளக்கி 2017இல் வெளியிட்ட பொதுக் கருத்துரை எண் 5 சொல்கிறது. எப்போது சாப்பிடுவது, யார் பார்க்க வரலாம், யாரிடம் உதவி வாங்குவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்களே, அரசு உதவி எதற்கு? பலர் ஏமாறுவது இங்கேதான். உடன் இருப்பவர் அன்பால் செய்வதைக் காட்டி உங்களுக்குரிய உதவியைக் குறைப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? வெளியூர் போனால்? சேர்ந்து வாழ்ந்தால்தான் சேவை என்று நிபந்தனை போடுவதும் 19ஆம் பிரிவுக்குப் பொருந்தாது என்கிறது அதே கருத்துரை. ஆகவே விண்ணப்பிக்கும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக, வீட்டில் வேறு யாருமே இல்லாத ஒரு நாளை மனதில் வைத்து, தேவையானதை எழுதுங்கள்.

யாரோடு வாழ்வது என்ற தேர்வுரிமையை அரசு உடனே மதித்தாக வேண்டும். உதவிச் சேவைகளைப் படிப்படியாகக் கட்டியெழுப்பலாம். மறுத்தால், முதலில் உள்நாட்டில் முறையிட வேண்டும். அங்கே எல்லா வழியும் அடைபட்ட பிறகு, உடன்படிக்கையோடு சேர்ந்த விருப்ப நெறிமுறை என்ற தனி ஒப்பந்தத்தையும் உங்கள் நாடு ஏற்றிருந்தால், அந்த ஐ.நா. குழுவிடமே புகார் கொடுக்கலாம்.