சொல் விளக்கம்: நாதாங்கி

பழைய அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் பட்டறையில் வந்து "கதவு லாக் போச்சு" என்பார்கள். பல சமயம் லாக்கில் ஒன்றும் இருக்காது. கதவில் உள்ள லாக் போய்ப் பிடிக்கிற எதிர்த்துண்டு, அதாவது கதவுச் சட்டத்தின் தூணில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிய இரும்பு, இடம் மாறியிருக்கும். மெக்கானிக்குகள் இதை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். இதற்குப் புதுசாகச் சொல் உருவாக்க வேண்டியதே இல்லை, வீட்டுக் கதவிலேயே இருக்கிறது: நாதாங்கி.

நா, தாங்கி. தாழ்ப்பாளின் நாக்கு நுழைந்து நிற்கிற வளையம் அல்லது தகடு. ஸ்ட்ரைக்கர் என்ற பெயரோ அடிப்பதைக் குறிக்கும் ஆங்கில வினையிலிருந்து வந்தது, ஆனால் காரில் அது யாரையும் அடிப்பதில்லை, சும்மா நிற்கிறது, லாக்தான் வந்து மோதுகிறது. கேரம் போர்டை நினைத்துக்கொண்டு 'அடிப்பான்' என்று மொழிபெயர்த்தால் கேட்பவர் சிரிப்பார்! கதவில் உள்ள லாக்கை லாட்ச் என்றும் சொல்வார்கள், அதன் பழைய ஆங்கில வேர் 'பிடித்தல்'. அதற்குத் தாழ் போதும், 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று 71-ஆம் குறளிலேயே இருக்கிறது. பிந்தைய கார்களில் நாக்குக்குப் பதில் சுழன்று கவ்வும் கொக்கி வந்துவிட்டது, இருந்தாலும் தாங்குகிற வேலை மாறவில்லை என்பதால் நாதாங்கி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சரி, கதவு சாத்தவில்லை என்றால் முதலில் கதவைத் திறந்து வைத்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அதைச் சரி பண்ணாமல் நாதாங்கியைக் கீழே இறக்குவது வெறும் ஒப்பேற்றல். கீல் நன்றாக இருந்தால் நாதாங்கியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள், முழுசாகக் கழற்ற வேண்டாம், பல பழைய வண்டிகளில் தூணுக்குள் மரைபோட்ட தகடு ஒன்று சும்மாதான் நிற்கும், விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. காரின் உள்பக்கம் தள்ளினால் கதவு இறுகும், ரொம்பத் தள்ளினால் ஓங்கி அறைய வேண்டிவரும். வெளியே தள்ளினால் லேசாகச் சாத்தும், ஆனால் பாம்பன் பாலத்துக் காற்றில் கடகடவென்று ஆடும். துளித்துளியாக நகர்த்தி, வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி மெதுவாகச் சாத்தி, எங்கே இடிக்கிறது என்று பார்த்து இறுக்க வேண்டும்.

மண்டபம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. ஸ்க்ரூ துருவேறி இறுகியிருக்கும், நேராகத் திருப்பினால் தலை வழுக்கிவிடும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அப்புறம் கதவின் அடியோரத்தில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும், மணல் அடைத்தால் கதவே உள்ளிருந்து அரித்துப்போகும். ஒரு கம்பியால் குத்தி விட்டுவிடுங்கள்.